ஒற்றைக் கொம்பின் ஜோடி

மலைகளுக்கே இன்னும் வயசாகாத ஒரு காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் குறும்பொறை என்றொரு நாடு இருந்தது. மேற்கே காடு, கிழக்கே வயல், நடுவே கோடையில் வற்றிப்போகும் ஒரு ஆறு. அந்த நாட்டை ஆண்டவன் பெயர் சேந்தன்.

சேந்தன் நல்ல அரசன்தான். வரியைக் கசக்கிப் பிழியமாட்டான். வழக்கை இழுத்தடிக்கமாட்டான். தன்னைப் புகழ்ந்து பாடச் சொல்லி யாரையும் தொல்லை செய்யமாட்டான். ஆனால் குறையே இல்லாதவனைப் பற்றிக் கதை சொல்லி யாருக்கு என்ன லாபம்? அவனுக்கும் ஒரு பித்து இருந்தது. எலும்புப் பித்து.

சிரிக்காதீர்கள். உங்களில் கூழாங்கல் சேர்க்கிறவர்கள் இல்லையா, மயிலிறகு சேர்க்கிறவர்கள் இல்லையா? சேந்தன் தந்தத்திலும் எலும்பிலும் செய்த பொருள்களைச் சேர்த்தான். அவையெல்லாம் அரண்மனையை ஒட்டி, உயரமான வாசல் வைத்து அவன் கட்டியிருந்த ஒரு மண்டபத்தில் இருந்தன. தந்தத்தில் கடைந்த குங்குமச் சிமிழ் அங்கே இருந்தது. மான்கொம்புப் பிடி போட்ட கத்தி இருந்தது. கரை ஒதுங்கிய திமிங்கிலத்தின் விலா எலும்பில் ஒரு மீனவன் செதுக்கிய படகுகூட இருந்தது, துடுப்பு முதற்கொண்டு.

வெறுமனே சேர்த்தான் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு அதில் ஞானம் உண்டு. எலும்பில் பொடிப் பொடியாகக் கரும்புள்ளி இருக்கும். உயிரோடு இருந்தபோது ரத்தம் ஓடிய வழி அது. தந்தத்தில் அந்தப் புள்ளி இராது. குறுக்கே அறுத்தால் வலை பின்னியதுபோல் கோடு ஓடும். எலும்பைத் தந்தம் என்று சொல்லி விற்க வந்த எத்தனையோ வியாபாரிகள் சேந்தனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

மண்டபத்தின் நடுவில், கருங்கல் பீடத்தின் மேல், தனியாக ஒரு யானைக்கொம்பு நின்றது. அடியில் பொற்பூண். வாரம் தவறாமல் சேந்தனே தன் கையால் அதற்குச் சந்தனத் தைலம் பூசுவான். வேறு யாரையும் தொட விடமாட்டான்.

அந்தக் கொம்பு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சேந்தன் இளைஞனாக இருந்தபோது ஒரு போர். பகைவரை விரட்டிக்கொண்டு அவர்கள் கோட்டைக்குள்ளேயே புகுந்துவிட்டான். பின்னால் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே அவன் தனி ஆள், சுற்றிலும் வேல். வெளியே நின்றது அவனுடைய யானை மூரி. மூரி கதவை முட்டியது. முதல் முட்டில் கதவு அதிர்ந்தது. இரண்டாம் முட்டில் தாழ் வளைந்தது. மூன்றாம் முட்டில் கதவு விழுந்தது. அதில் மாட்டிக்கொண்ட மூரியின் வலக்கொம்பும் வேரோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. சேந்தன் பிழைத்தான்.

கொம்பை அவன் இரண்டு கைகளாலும் தூக்கி வந்தான். அழுதுகொண்டே தூக்கி வந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதை வைக்கத்தான் முதலில் அந்த மண்டபத்தைக் கட்டினான். மற்றதெல்லாம் பிறகு வந்தது. நன்றி முதலில் வந்தது, ஆசை அதன் பின்னால் வந்தது, கடைசியில் ஆசை முன்னால் போய்விட்டது.

மூரி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. சேந்தன் அதைக் கேட்கவில்லை. ஒற்றைக்கொம்பு யானை ஊர்வலத்துக்கு அழகில்லை என்று யாரோ சொன்னார்கள். மேற்குக் காட்டில் மரம் இழுக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு நாள் மூரியையும் அதன் பாகன் உதியனையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். அன்று அரசன் மண்டபத்தில் ஒரு புதிய சிமிழைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வருடங்கள் ஓடின.

ஒரு அறுவடைத் திருநாளில் நன்னாகன் விருந்துக்கு வந்தான். கடற்கரை நாட்டு அரசன். சேந்தனுக்கு நண்பன், சேர்க்கிற விஷயத்தில் போட்டிக்காரன். அவனிடம் ஒரு தந்தக் கட்டில் இருந்தது. அதில் செதுக்கிய கொடியில் பூவைப் பறிக்கலாம் போலத் தோன்றும் என்று நாடெல்லாம் பேச்சு. சேந்தன் அந்தக் கட்டிலை நினைத்துப் பெருமூச்சு விடாத நாள் கிடையாது.

நன்னாகன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். சிமிழைப் பார்த்துத் தலையாட்டினான். கத்தியைப் பார்த்துத் தலையாட்டினான். நடுப்பீடத்துக்கு வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன சேந்தா, ஒற்றைச் செருப்பை எடுத்துப் பூசையில் வைத்ததுபோல் இருக்கிறதே! இதற்கு ஜோடி எங்கே?"

கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சேந்தனுக்குக் காது சிவந்தது. சேர்க்கிறவனிடம் 'உன் பொருள் மட்டம்' என்று சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வான். 'உன் பொருள் குறை' என்று சொன்னால் தாங்கமாட்டான்.

"அடுத்த அறுவடைத் திருநாளுக்கு வா. இதன் ஜோடி இதே மண்டபத்தில் நிற்கும்" என்றான்.

"நின்றால் என் தந்தக் கட்டில் உனக்கு. நிற்காவிட்டால்?"

"இந்த மண்டபத்தில் இருப்பது எல்லாம் உனக்கு."

வாய் முந்திக்கொண்டது. அரசன் வாயில் வந்த சொல்லை யார் திருப்பி உள்ளே தள்ளுவது?

தேடல் தொடங்கியது. முதலில் மலைக்காட்டு வேடர்கள் ஒரு கொம்பு கொண்டுவந்தார்கள். பருமன் ஒத்துவரவில்லை. அடுத்து மரக்கல வணிகர்கள் கடல் தாண்டி ஒரு கொம்பு கொண்டுவந்தார்கள். நிறம் ஒத்துவரவில்லை. மூன்றாவதாக ஒரு கைவினைக்காரன் கொண்டுவந்தது நீளம், வளைவு, நிறம் எல்லாவற்றிலும் அச்சாக ஒத்திருந்தது. அமைச்சர் துள்ளிக் குதித்தார். சேந்தன் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினான். தடவிவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தான். பொடிப் பொடியாகக் கரும்புள்ளி.

"திமிங்கில எலும்பு" என்று கீழே வைத்துவிட்டான். வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நன்னாகனும் கண் இருக்கிறவன்தானே.

திருநாள் நெருங்கியது. சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் அமைச்சர் மெல்ல வந்து தொண்டையைச் செருமினார்.

"அரசே, ஜோடியை உலகமெல்லாம் தேடுகிறோம். அது நம்மிடமே இருக்கிறது. மூரியின் முகத்தில்."

சேந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கிழட்டு யானை. இன்னும் எத்தனை காலம் இருக்கப்போகிறது? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்வார்களே."

பழமொழி என்பது வசதியான பொருள். வேண்டாத வேலைக்குக்கூட அது துணைக்கு வந்து நிற்கும். சேந்தன் ஒரு பகல் முழுக்க யோசித்தான். மண்டபத்தை நினைத்தான், கட்டிலை நினைத்தான், நன்னாகனின் சிரிப்பை நினைத்தான். மறுநாள் காலையில் கோடரி ஆட்களோடு மேற்குக் காட்டுக்குப் புறப்பட்டான். தான் எதற்குக் கூடப் போகிறோம் என்று அவன் தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான்: கொம்பை எடுக்கும்போது கீறல் விழுந்துவிடக் கூடாதே! பார்த்தீர்களா, பித்து எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று?

காட்டோரத்தில், ஒரு வேங்கை மரத்தடியில் மூரி நின்றது. முதுகு குழிந்திருந்தது. காது விளிம்பு கிழிந்திருந்தது. உதியனும் நரைத்துப் போயிருந்தான். ஒரு குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி எண்ணெயில் தோய்த்து, யானையின் வலக்கன்னத்தில் எதையோ செய்துகொண்டிருந்தான். அரசனைக் கண்டு கும்பிட்டான். கோடரிகளைக் கண்டான். அவன் முகம் வெளுத்தது. ஆனால் கையில் இருந்த வேலையை விடவில்லை.

"என்ன பூசுகிறாய்?" என்று கேட்டான் சேந்தன்.

"வேப்பெண்ணெய் ராசா. கொம்பு போன குழி இன்னும் முழுசா ஆறல. சீழ் வைக்கும், ஈ மொய்க்கும். தினம் பூசணும்."

"இத்தனை வருடமாகவா?"

"கொம்பு போன நாள்லேர்ந்து ராசா."

சேந்தன் அந்தக் குழியைப் பார்த்தான். கொம்பு மட்டும்தான் அவனுக்குத் தெரியும். கொம்பு இருந்த இடத்தை அவன் பார்த்ததே இல்லை. அங்கே சந்தனத் தைலமும் பொற்பூணும். இங்கே ஈயும் வேப்பெண்ணெயும்.

மூரி தும்பிக்கையை நீட்டி அவன் கையை முகர்ந்தது. அன்று காலைதான் அவன் கொம்புக்குத் தைலம் பூசியிருந்தான். யானை வெகுநேரம் முகர்ந்தது. அரசனைத் தெரிந்துகொண்டதா, தன் கொம்பின் மணத்தைத் தெரிந்துகொண்டதா, வெறும் சந்தன வாசனை பிடித்ததா, யானை சொல்லவில்லை. நானும் இட்டுக்கட்டிச் சொல்லமாட்டேன். ஆனால் சேந்தனுக்கு வெட்கமாக இருந்தது. தலை நிமிர முடியாத வெட்கம்.

"உதியா, உயிருக்கு ஆபத்தில்லாமல் இந்தக் கொம்பை வேரோடு எடுக்க முடியாதா?"

உதியன் ஒரு நார்க்கயிற்றை எடுத்தான். யானையின் கண்ணிலிருந்து கொம்பு வெளியே வரும் உதடு வரைக்கும் பிடித்து அளந்தான். அதே அளவை உதட்டிலிருந்து கொம்பின் மேல் பிடித்து, முடிகிற இடத்தில் விரலை வைத்தான்.

"இதுக்கு வெளிய இருக்கிறது நகம் மாதிரி ராசா. நறுக்குனா வலிக்காது, மறுபடி வளரும். இதுக்கு உள்ள இருக்கிறது உசிரு. நீங்க கேக்குற மாதிரி வேரோட எடுத்தா, மூரி பொழைக்க மாட்டான். அவனுக்கு இப்ப அந்த வயசு இல்ல."

"நுனியைக்கூட நீ நறுக்கியதில்லையா?"

"இருக்கிறதே ஒண்ணு. அதை எதுக்குக் குறைக்கணும்னு விட்டுட்டேன்."

சேந்தன் திரும்பிக் கோடரி ஆட்களைப் பார்த்தான். "வீட்டுக்குப் போங்கள்" என்றான். அவர்களுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். யாருக்கு அந்தப் பாவம் வேண்டியிருக்கிறது?

அரண்மனைக்கு வந்து அரசி வெண்ணியிடம், "பந்தயத்தில் தோற்றுவிட்டேன்" என்றான். நடந்ததை எல்லாம் சொன்னான். அரசி வெடுக்கென்று பேசுகிறவள், அறிவுக்காரி.

"ஜோடி இந்த மண்டபத்தில் நிற்கும் என்றுதானே சொன்னீர்கள்? யானையை விட்டுத் தனியாக நிற்கும் என்று சொன்னீர்களா? மூரியையே கூட்டிவந்து பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஜோடி நிற்கிறதா இல்லையா என்று அவரே சொல்லட்டும்."

சேந்தன் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

திருநாள் வந்தது. நன்னாகன் வந்தான். மண்டபத்தில் நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். உயரமான வாசல் வழியாக மூரி தலையைத் தாழ்த்தி உள்ளே நடந்து வந்தது. உதியன் பக்கத்தில் வந்தான். பீடத்தில் வலக்கொம்பு, அதன் அருகே மூரியின் முகத்தில் இடக்கொம்பு. ஊரே கைதட்டியது.

நன்னாகனும் கைதட்டினான். "கெட்டிக்காரத்தனம்! ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜோடி என்றால் அளவு ஒக்க வேண்டுமே சேந்தா. பார்த்துவிடலாமா?"

பழைய கொம்பில் ஒரு கோடு உண்டு. அதற்குக் கீழே உதட்டுக்குள் மறைந்திருந்த பகுதி வெளிறியிருக்கும். அந்தக் கோட்டிலிருந்து நுனி வரை நன்னாகன் கயிறு பிடித்தான். அதே கயிற்றை மூரியின் கொம்பில், உதட்டிலிருந்து நுனி வரை பிடித்தான். கயிறு போதவில்லை. ஒரு முழம் மிச்சமாகக் கொம்பு வெளியே நீண்டிருந்தது.

கைதட்டியவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

நன்னாகன் நல்லவன், அதையும் சொல்லிவிட வேண்டும். சேந்தன் முகம் வாடியதைப் பார்த்து அவனுக்கே மனசு கேட்கவில்லை. "இதற்கு ஏன் முகத்தைத் தொங்கப் போடுகிறாய்? மிச்சமிருக்கிற ஒரு முழத்தை அறுத்துவிடு. சமமாகிவிடும். நான் தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன், கட்டில் உனக்கு. ஏனப்பா பாகா, நுனியை அறுத்தால் யானைக்கு வலிக்குமா?"

உதியன் அரசனைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "வலிக்காதுங்க" என்றான்.

"பிறகு என்ன?"

பிறகு என்ன! ரத்தம் இல்லை, வலி இல்லை, பாவம் இல்லை. மண்டபம் தங்கும். கட்டில் கிடைக்கும். எதிரியே சம்மதிக்கிறான். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் 'அறுக்கலாம், அறுக்கலாம்' என்று முணுமுணுத்தார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

சேந்தன் பீடத்துக் கொம்பைத் தொட்டான். எத்தனை தைலம் பூசியிருந்தான், எத்தனை பொன் பூட்டியிருந்தான்! பிடுங்கி விழுந்த அன்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இருந்தது, ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை. பிறகு மூரியின் கொம்பைத் தொட்டான். யாரும் பார்க்காமல், யாரும் பூண் போடாமல், மரம் இழுத்துக்கொண்டே அது ஒரு முழம் வளர்ந்திருந்தது.

"வேண்டாம் நன்னாகா" என்றான். "இந்த ஒரு முழமும் நான் இவனை மறந்திருந்த காலத்தில் இவன் வளர்த்தது. மண்டபத்தில் உள்ள மற்றதெல்லாம் என்னுடையது, கொடுக்கலாம், தோற்கலாம். இது மட்டும் என்னுடையது இல்லை. வலிக்காது என்பதற்காக என்னுடையது ஆகிவிடுமா?"

மூரி காதை அசைத்துக்கொண்டு நின்றது.

"நான் தோற்றேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ."

அரசன் சொல் அரசன் சொல்தான். சிமிழ் போயிற்று. கத்தி போயிற்று. திமிங்கில எலும்புப் படகு போயிற்று. பீடத்துக் கொம்பும் வைக்கோல் சுற்றி வண்டியில் ஏறிக் கடற்கரைக்குப் போயிற்று. காலி மண்டபம் எதிரொலித்தது. அதில் வைக்கோல் பரப்பி மூரியைக் கட்டச் சொன்னான் சேந்தன். உயரமான வாசல் கடைசியில் ஒரு வேலைக்கு உதவியது. வாரம் தவறாமல் தைலம் பூசிய கை, அன்றிலிருந்து நாள் தவறாமல் வேப்பெண்ணெய் பூசியது. ஆரம்பத்தில் உதியன் பதறினான். பிறகு, "இன்னும் கொஞ்சம் உள்ள விட்டுத் தடவுங்க ராசா" என்று அரசனுக்கே சொல்லப் பழகிவிட்டான். மரம் இழுக்கும் வேலையும் நின்றதால் ஒரு வருடத்தில் குழி ஆறியது.

இதோடு கதை முடியவில்லை. நன்னாகன் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அவன் தன் மண்டபத்தில் அந்தக் கொம்பை நடுவில் நிறுத்தினான். வந்த விருந்தாளி ஒவ்வொருவனும் கேட்டான், "இதற்கு ஜோடி எங்கே?" தான் சிரித்த சிரிப்பு தன்னிடமே திரும்பி வந்தது. நன்னாகன் ஆள் அனுப்பினான்: யானைக்கு என்ன விலை? சேந்தன் பதில் அனுப்பினான்: "ஜோடி இங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. பார்க்க ஆசையானால் வா."

நன்னாகன் வந்தான். ஒவ்வொரு அறுவடைத் திருநாளுக்கும் வந்தான். வரும்போது பழைய கொம்பின் அளவுக் கயிற்றையும் கொண்டுவந்து, மூரியின் கொம்போடு வைத்துப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் கயிறு இன்னும் கொஞ்சம் போதாமல் போகும். முதலில் அவனுக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு வேடிக்கையாக இருந்தது. கடைசியில் அதைப் பார்ப்பதற்காகவே அவன் வந்தான்.

ஒரு மாரிக்காலத்தில் மூரி படுத்தது, எழுந்திருக்கவில்லை. உதியன் அதன் நெற்றியில் முகம் வைத்து அழுதான். அரசனும் கூட உட்கார்ந்து அழுதான். அமைச்சர் மறுபடி தொண்டையைச் செருமினார்: "அரசே, இறந்தாலும் ஆயிரம் பொன்..."

"அதைச் சொன்னவன் யானையை விற்றவனாக இருப்பான்" என்றான் சேந்தன். "வளர்த்தவன் சொல்லியிருக்கமாட்டான். மூரி தன் கொம்போடு போகட்டும்."

வேங்கை மரத்தடியில் பெரிய குழி வெட்டினார்கள். மண் தள்ளப்போகும் நேரத்தில், மூரி படுத்த சேதி கேட்டு, கிழக்கிலிருந்து ஒரு வண்டி மழையில் நனைந்துகொண்டு வந்தது. நன்னாகன் இறங்கினான். வைக்கோலைப் பிரித்து, பொற்பூணைக் கழற்றி எறிந்துவிட்டு, கொம்பை இரண்டு கைகளாலும் தூக்கி வந்தான். சேந்தன் ஒரு காலத்தில் தூக்கி வந்தானே, அதேபோல. குழியில் இறங்கி, மூரியின் வலக்கன்னத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தான்.

இரண்டு அரசர்களும் சேர்ந்து மண் தள்ளினார்கள். இத்தனை காலம் தேடிய ஜோடி, யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஒன்றாகச் சேர்ந்தது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. அதைப் பற்றி அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பறித்து வைத்தது பறித்த நாளோடு நின்றுவிடும், விட்டு வைத்ததே வளரும்.